காலை எடுத்ததும் டப் டப்: சைலன்சர் வெடிப்பில் எல்லோரும் செய்யும் தவறுகள்

ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் காருக்குப் பின்னால் 'டப், டப்' என்று வெடிக்கிறது. உடனே பிளக் மாற்றுகிறார்கள். அதில் அடங்காவிட்டால் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில், அப்புறம் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சுத்தம், கடைசியில் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார். பணம் போகும், சத்தம் போகாது.

சைலன்சருக்குள் வெடிக்க எரியாத பெட்ரோல், காற்று, சூடு மூன்றும் வேண்டும். சூட்டுக்கு அங்கே குறைவில்லை. பெட்ரோல் எப்படி வந்தது, காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. பலர் பெட்ரோலை மட்டுமே துரத்துகிறார்கள். நான் காற்றிலிருந்துதான் தொடங்கச் சொல்வேன், அதைப் பார்க்கச் செலவே இல்லை.

புகை வெளியேறுவது ஒரே சீராக அல்ல, துடிப்புத் துடிப்பாக. இரண்டு துடிப்புகளுக்கு நடுவே குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். மேனிஃபோல்ட் (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் குழாய்) கேஸ்கெட்டிலோ குழாய் இணைப்பிலோ சின்ன ஓட்டை இருந்தால் அந்த நொடியில் வெளிக்காற்று உள்ளே போகும். இதைத் தேடுபவர்கள் செய்யும் பெரிய தவறு, வண்டியை நன்றாக ஓட்டிவிட்டு வந்து பார்ப்பது. சூட்டில் இரும்பு விரிந்து கீறல் அடைத்துக்கொள்ளும். காலையில் முதல் ஸ்டார்ட்டில், முதல் ஒரு நிமிடத்தில் காதைக் கொடுங்கள். 'டிக் டிக்' என்ற சத்தமும் கேஸ்கெட் ஓரத்தில் கரியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அந்த ஓட்டை ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் இருந்தால் விஷயம் இன்னும் சிக்கல். சென்சார் அளப்பது ஆக்சிஜனை, பெட்ரோலை அல்ல. வெளியிலிருந்து புகுந்த காற்றைப் பார்த்துவிட்டு 'கலவையில் பெட்ரோல் குறைவு' என்று அது சொல்கிறது. இசியூ (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர்) அதை நம்பிக் கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றுகிறது. ஸ்கேனரில் பி0171 ('பெட்ரோல் குறைவு' என்ற கோளாறு கோட்) வரும், மெக்கானிக் சென்சாரை மாற்றுவார், புது சென்சாரும் அதையே சொல்லும். கோட் பெயரைப் பார்த்துப் பாகத்தை வாங்காமல் ஃப்யூவல் டிரிம் அளவைப் பாருங்கள், அதாவது இசியூ பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்பதை. பத்து சதவீதம் கூடக் குறைய இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது) கூட்டல் 20-ஐத் தாண்டி நின்று, 2,500 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 2,500 சுற்று) இறங்கிவிட்டால், இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் பக்கம் வேக்யூம் கசிவு, அதாவது ஓட்டை வழியே காற்று உள்ளே இழுக்கப்படுவது, இருக்க வாய்ப்பு அதிகம்.

அந்தக் கசிவைத் தேடச் சூடான இன்ஜின்மேல் கார்ப் கிளீனரையோ, அதைவிட மோசமாகப் பெட்ரோலையோ தெளிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம், தீப்பிடிக்கும். உள்ளே புகையை விட்டு ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்யும் கடையில் கொடுங்கள்.

ஸ்கேனரில் வந்த கோளாறு கோடுகளை அழிக்க பேட்டரியைக் கழற்றுவதும் இன்னொரு தவறு. கோளாறு நடந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று பதிவான ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரமும் சேர்ந்து போய்விடும். முதலில் போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு அழிக்கலாம்.

சரி, காற்றுக் கசிவு எங்கும் இல்லை. இனி பெட்ரோல். இன்ஜெக்ஷன் வண்டியில் நல்ல வேகத்தில் காலை எடுத்தால் இசியூ பெட்ரோலை அடியோடு நிறுத்திவிடும், ஐடிலை நெருங்கும்போதுதான் மறுபடி கொடுக்கும். நிறுத்திய பிறகும் வெடிப்பு தொடர்ந்தால், மூடாமல் சொட்டும் இன்ஜெக்டரையும் திறந்தே நிற்கும் பர்ஜ் வால்வையும் (டேங்கின் பெட்ரோல் ஆவியை இன்ஜினுக்கு விடும் வால்வு) சந்தேகிக்க வேண்டும். சில ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தச் சத்தத்தைக் கம்பெனியே வேண்டுமென்று வைத்திருக்கும், அது கோளாறு அல்ல. பழைய மாருதி 800 போன்ற கார்புரேட்டர் வண்டியில் இப்படி அடியோடு நிறுத்தும் ஏற்பாடு இல்லை. அதனால் ஐடில் கலவை கொஞ்சம் பிசகினாலும் வெடிக்கும். அதற்காக ஓட்டையைப் பார்க்காமல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவைத் திருகினால் சத்தம் தற்காலிகமாக மறையும், மைலேஜும் கூடவே மறையும்.

எந்த சிலிண்டர் மிஸ் ஆகிறது (சரியாக எரியாமல் விடுகிறது) என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பிளக் வயரைப் பிடுங்குவது பழைய பழக்கம். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) உள்ள வண்டியில் அதைச் செய்யாதீர்கள். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகிவிடும். பிளக் மேலேயே காயில் உட்காரும் வண்டி என்றால், இன்ஜினை அணைத்துவிட்டு 1-ஆம், 3-ஆம் சிலிண்டர் காயில்களை மாற்றிப் போடுங்கள். பி0301 (1-ஆம் சிலிண்டர் மிஸ்) என்று வந்த கோட் பி0303 (3-ஆம் சிலிண்டர் மிஸ்) ஆனால் குற்றவாளி காயில்தான். மாறாவிட்டால் காயிலுக்குச் செலவழிக்க வேண்டாம்.

டேப்பட் பற்றியும் ஒன்று. சத்தமே வரக்கூடாது என்று வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை இறுக்கி வைப்பதை நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் போனால் எரியாத கலவை நேரே குழாய்க்குப் போகும், நாளடைவில் வால்வும் கருகும். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விடும் நேரம்) பின்தங்கியிருந்தாலும் வெடிக்கும்: எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போது தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்.

சத்தம் சைலன்சரில் இல்லாமல் ஏர் ஃபில்டர் பக்கம் வந்தால் மேலே சொன்ன வரிசை பொருந்தாது. அங்கே கலவை, டைமிங், இன்டேக் வால்வு என்று பார்க்க வேண்டும்.

சோதிப்பதிலும் ஒரு தவறு உண்டு. நியூட்ரலில் ரேஸ் செய்துவிட்டு 'ஒன்றும் இல்லையே' என்று வண்டியைத் திருப்பிக் கொடுப்பார்கள். கியரில், இறக்கத்தில், காலை எடுத்தால்தான் இந்தக் கோளாறு பல வண்டிகளில் தலைகாட்டும். ஸ்கேனரைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே இறக்கத்தில், அதே கியரில் ஓட்டுங்கள். நாலு பாகத்தை ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று யாருக்கும் தெரியாது. நடுவே செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் சோதனையையும் நிறுத்துங்கள், கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் ஆகிறது என்று பொருள்.