ஸ்டீர் வளர்க்கும் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், மணற்குன்றுகளின் மேல் புல் போர்த்திக் கிடக்கும் செர்ரி கவுன்டி என்னும் மாவட்டத்தின் பரப்பு சுமார் 6,000 சதுர மைல். கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரிது. குடியிருப்போர் ஏறக்குறைய 5,500 பேர்தான். மாடுதான் அங்கே பிழைப்பு. பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவைக் கவுன்டிதோறும் கொண்டுசேர்க்க 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டம் வழிசெய்தது. அந்த விரிவாக்கப் பணியின் இளையோர் பிரிவுதான் 4-எச். இதில் சேரும் பிள்ளைகள், பொதுவாக 8 முதல் 18 வயதுக்காரர்கள், இலையுதிர் காலத்தில் ஒரு ஸ்டீரை, அதாவது காயடித்த காளைக்கன்றை, எடுத்து வளர்த்துக் கோடையில் கவுன்டி ஃபேர் என்னும் கண்காட்சிக்குக் கொண்டுவருகிறார்கள்.

மாட்டோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான தவறுகள் ரேஞ்ச், அதாவது பரந்த மேய்ச்சல் நிலம், தந்த பழக்கத்திலிருந்தே வருகின்றன. நூற்றுக்கணக்கான மாடுகளை வெளியில் மேய விடுவது ஒரு தொழில். ஒற்றைக் கன்றைப் பட்டியில் வைத்து ஒன்பது மாதத்தில் தேற்றுவது வேறு தொழில்.

முதல் சறுக்கல் கன்றைப் பொறுக்கும் நாளிலேயே நடக்கிறது. மந்தையில் எது பெரிதோ அதைத்தான் கை காட்டும். நவம்பர் 1-இலிருந்து ஆகஸ்ட் 1 வரை 273 நாள். நன்றாகத் தின்னும் ஸ்டீர் நாளுக்கு 3 பவுண்டு ஏறினால், 550 பவுண்டுக் கன்று ஃபேரன்று 1,370 பவுண்டை ஒட்டி நிற்கும். அது சரியான எடை. 700 பவுண்டுக் கன்றோ 1,500-ஐத் தாண்டிக் கொழுத்துப்போகும். அதைத் தடுக்கக் கடைசி இரண்டு மாதம் தீனியைக் குறைப்பவர்கள் உண்டு. கறியின் பதம்தான் கெடும். ஆகவே ஃபேர் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கன்றைத் தேடுங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டால் கணக்கு எங்கே விலகுகிறது என்பது நேரத்தோடு தெரியும்.

தீனியில்தான் அதிகச் சேதம். பால் மறந்த கன்றின் வயிறு புல்லுக்குப் பழகியது. திடீரென்று மக்காச்சோளத்தை நிறையக் கொட்டினால் ரூமென் என்னும் முதல் இரைப்பையில் அமிலம் கூடி, புல்லைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடிகின்றன. மாடு தீனியை வெறுக்கும், சாணம் நுரைத்து நீர்த்துப் போகும், வயிறு உப்பும், பிறகு குளம்பு நோகும். குளம்பு ஒருமுறை கெட்டால் அந்த மாடு ஃபேர் வரை நொண்டும். முதலில் உலர்புல் வேண்டிய மட்டும் வையுங்கள். தானியம் உடல் எடையில் 1 சதவீதம், அதாவது 550 பவுண்டுக் கன்றுக்கு 5½ பவுண்டு, காலை மாலை எனப் பாதிப் பாதியாக. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை பவுண்டு ஏற்றுங்கள். சாணம் இளகினால் ஏற்றுவதை நிறுத்தி, முந்தைய அளவுக்குத் திரும்புங்கள்.

இன்னொன்று, டப்பாவால் அளப்பது. புஷல் என்பது தானியம் அளக்கும் கொள்ளளவு. ஒரு புஷல் மக்காச்சோளம் 56 பவுண்டு. அதே புஷல் ஓட்ஸ் 32 பவுண்டுதான். 10 பவுண்டு மக்காச்சோளம் பிடிக்கும் வாளியில் ஓட்ஸ் 6 பவுண்டுகூட நிறையாது. தீவனம் மாறும்போது "அதே ஒரு வாளி" என்று போடுவதுதான் வயிற்றைக் கெடுக்கிறது. ஒரு தொங்கு தராசு போதும்.

மோனென்சின் கலந்த மாட்டுத் தீவனம் இருக்கும் கொட்டகையைக் குதிரை எட்டாதபடி பூட்டி வையுங்கள். மாட்டுக்கு நல்லது செய்யும் அந்த மருந்து குதிரையின் இதயத்தைத் தாக்கிக் கொன்றுவிடும். ரேஞ்சில் குதிரை இல்லாத வீடு கிடையாது.

பழக்குவதைப் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடுவதும் பெரிய தவறு. 600 பவுண்டில் கேட்காத மாடு 1,200 பவுண்டில் கேட்காது. இங்கே மூக்குக் குத்துவதில்லை. ஹால்டர் என்ற தலைக்கயிறுதான். மூக்குப் பட்டை கண்ணுக்கும் நாசித் துளைக்கும் நடுவில் இருக்கவேண்டும். கீழே இறங்கினால் மூச்சை அடைக்கும். இழுகயிறு மாட்டின் இடப்பக்கம் வரவேண்டும். தலை உயரத்தில், ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சுப் போட்டு, முதல் நாள் 20 நிமிடம் மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கக் கட்டுங்கள். பிறகு அவிழ்த்து, தண்ணீர்த் தொட்டிக்கு நடத்திப் போங்கள். மனிதனோடு நடந்தால் தண்ணீர் கிடைக்கும் என்று கன்று கற்றுக்கொள்கிறது. கயிற்றை எக்காரணம் கொண்டும் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். மிரண்டு ஓடும் மாடு விரலைப் பறித்துவிடும்.

ஊசியை அப்பா வழக்கம்போலப் புட்டத்தில் போட்டுவிடுவார். அங்கேதான் விலை கூடிய கறி. ஊசி இறங்கிய இடம் தழும்பாகும். கழுத்தில் மட்டும், ஓரிடத்தில் 10 சிசிக்கு மேல் போகாமல் போடுங்கள். லேபிள் அனுமதித்தால் தோலுக்கடியில் போடுவது இன்னும் நல்லது. 2023 ஜூனிலிருந்து, மனிதருக்கும் முக்கியமான ஆன்டிபயாடிக்குகளைக் கால்நடை மருத்துவரின் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. தேதி, மருந்து, அளவு, கறிக்கு அனுப்புமுன் கழியவேண்டிய நாட்கள் ஆகியவற்றை அன்றே பதிவேட்டில் எழுதவேண்டும். அப்பாவின் நினைவில் இருக்கும் கணக்கு பதிவேடு ஆகாது. தீனிச் செலவையும் பிள்ளையே மாதாமாதம் எழுதினால்தான் விற்ற பணத்தில் லாபம் எவ்வளவு என்று அதற்குப் புரியும். வருடாந்தரக் கால்நடைப் பராமரிப்புப் பயிற்சிக்கும் காதடையாளப் பதிவுக்கும் கடைசித் தேதி உண்டு. கவுன்டி அலுவலகத்தில் நவம்பரிலேயே கேட்டுச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

4-எச் கிளப்பை நடத்துவோருக்கும் ஒன்று: கன்று ஈனும் மார்ச்சிலும், கன்றுகளுக்கு அடையாளச் சூடு போடும் மே மாதத்திலும், கன்று விற்கும் அக்டோபரிலும் கூட்டம் வைத்தால் யாரும் வரமாட்டார்கள். வராத பிள்ளைக்கு அக்கறை இல்லை என்று எழுதிவிடுவது அநியாயம்.

கடைசியாகத் தண்ணீர். காற்றாலைத் தொட்டியில் குடித்து வளர்ந்த மாடு, ஃபேர் மைதானத்தின் குளோரின் வாசனையடிக்கும் குழாய்த் தண்ணீரை வாளியில் வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். வெயிலில் அதற்கு நாளுக்கு 20 கேலன்வரை வேண்டும். குடிக்காவிட்டால் தீனியும் எடுக்காது, எடை இறங்கும். இரண்டு வாரம் முன்பே வீட்டில் வாளியில் குடிக்கப் பழக்குங்கள். அதே வாளியை ஃபேருக்கு எடுத்துப் போங்கள், முதல் நாளுக்கு வீட்டுத் தண்ணீரையும் டிரெய்லரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.