இரிடியம் பிளக் வாங்குவதற்கு முன் பழைய பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

என்னுடையது 100 சிசி வண்டி. சில வருடங்களுக்கு முன்பு யாரோ சொன்னார்கள் என்று நாலு முனை வைத்த 'பர்ஃபார்மன்ஸ்' ஸ்பார்க் பிளக் ஒன்றை வாங்கி மாட்டினேன். கடலூரிலிருந்து முள்ளோடை வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி பறந்தது. ஒரு வாரம் கழித்து சந்தேகம் வந்து, அதைக் கழற்றிவிட்டு சாதாரண புது பிளக்கைப் போட்டேன். அப்போதும் அப்படியேதான் பறந்தது. விஷயம் இதுதான்: நான் முதலில் கழற்றிய பிளக் இருபதாயிரம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்தது. அதன் இடத்தில் எந்தப் புது பிளக்கைப் போட்டிருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்கும். நாலு முனை இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒரு முனைக்குத்தான் பொறி பாயும் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

பிளக்கின் வேலை பொறி விட்டுப் பெட்ரோலைப் பற்றவைப்பது மட்டுமே. சக்தி பெட்ரோலில் இருக்கிறது. விலை உயர்ந்த தீப்பெட்டி வாங்கினால் சோறு சீக்கிரம் வெந்துவிடுமா?

அப்படியானால், முனையில் இரிடியம் என்ற உலோகம் வைத்து வரும் பிளக் ஏமாற்று வேலையா? இல்லை. சாதாரண பிளக்கின் முனை நிக்கல் கலவை. நிக்கல் 1455 டிகிரி செல்சியஸில் உருகும். இரிடியம் உருக சுமார் 2450 டிகிரி வேண்டும். அதனால் சாதாரண பிளக்கில் சுமார் 2.5 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும் நடு முனையை, இதில் 0.4 முதல் 0.6 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக வைக்க முடிகிறது. மெல்லிய முனையில் குறைந்த வோல்டேஜிலேயே பொறி பாயும், ஸ்டார்ட்டிங் சுலபம். தேய்மானமும் மெதுவாக நடக்கும். ஆனால் விலை நாலைந்து மடங்கு. பல்சர் 150 மாதிரி இரண்டு பிளக் உள்ள வண்டி என்றால் செலவும் இரட்டிப்பு. மைலேஜ்தான் கவலை என்றால், புதுச்சேரி எல்லை தாண்டி பெட்ரோல் போடுவதே லாபம். கடலூர்க்காரர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

சரி, வேலைக்கு வருவோம்.

கழற்றுவது

என்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். அந்தச் செலவில் பத்து பிளக் வாங்கலாம். பிளக்கின் தலையில் மாட்டியிருக்கும் கேப்பைப் பிடித்து இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணை ஊதித் தள்ளிவிட்டு, பிளக் ஸ்பேனரால் இடப்பக்கம் திருப்புங்கள்.

கையோடு கேப்பின் உள்ளேயும் பாருங்கள். கடலூரில் சில்வர் பீச் பக்கமோ துறைமுகத்துப் பக்கமோ குடியிருப்பவர்களுக்கு உப்புக்காற்று இங்கேதான் வேலையைக் காட்டும். உள்ளே பச்சை பூத்திருந்தால் தங்க பிளக் போட்டாலும் மிஸ்ஸிங் (என்ஜின் விட்டுவிட்டு ஓடுவது) நிற்காது. கேப்பைத்தான் மாற்ற வேண்டும்.

நிறம் பார்ப்பது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். முனையும் பீங்கானும் வெளிர் பழுப்பாக இருந்தால் என்ஜின் நலம். காய்ந்த கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். ஈரமாக, எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்து ஆயில் ஏறுகிறது. வெள்ளையாகி, கொப்புளம் மாதிரி இருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. இந்த மூன்றில் எது இருந்தாலும் விலை உயர்ந்த பிளக் தீர்வாகாது. அதுவும் சீக்கிரமே அதே நிறத்துக்கு வந்துவிடும்.

வாங்குவது

வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள எண்ணையே கேளுங்கள். சிபிஆர்8இஏ-9 என்ற என்ஜிகே கம்பெனி பிளக்கை எடுத்துக்கொண்டால், 'ஆர்' என்பது மின் இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர் உள்ளது என்று பொருள். அது இல்லாத பிளக் இன்ஜெக்‌ஷன் வண்டியின் எலக்ட்ரானிக்ஸைக் குழப்பலாம். 8 என்பது வெப்ப எண், கடைசி 9 என்பது பொறி பாயும் முனைகளுக்கு நடுவே 0.9 மில்லிமீட்டர் இடைவெளி. வெப்ப எண் கூடினால் பவர் கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். என்ஜிகேவில் எண் கூடினால் பிளக் வேகமாகச் சூட்டை வெளியேற்றும், அவ்வளவுதான். பாஷ் கம்பெனி பிளக்கில் கணக்கே தலைகீழ்.

முதலில் சாதாரண பிளக்கை மாட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வந்து, அடிக்கடி பிளக் மாற்ற அலுப்பாக இருக்கிறது என்றால் இரிடியம் வாங்கலாம். அதன் முனையைக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள், உடைந்துவிடும்.

மாட்டுவது

ஸ்பேனர் வேண்டாம், முதலில் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். இடையில் முரண்டு பிடித்தால் மரை மாறி ஏறுகிறது; வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள். உட்கார்ந்த பிறகு ஸ்பேனரால் புது பிளக்குக்கு அரைச் சுற்று. பழையதையே போட்டால் வாஷர் ஏற்கனவே நசுங்கியிருக்கும், லேசாக இறுக்கினால் போதும்.

கழற்றிய பிளக் ஓரளவு நன்றாக இருந்தால் துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள், ஸ்பேனரையும் சேர்த்து. நான் ஒரு முறை பிளக்கை மட்டும் வைத்துக்கொண்டு, புதுச்சத்திரம் அருகே கொட்டும் மழையில் வண்டியைத் தள்ளியிருக்கிறேன்.