திருவல்லிக்கேணியில் ஒற்றை அறை வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் செய்யும் தவறுகள்

புரோக்கர்கள் இப்போது அதை ‘ஸ்டூடியோ’ என்கிறார்கள். கொஞ்ச நாள் முன்பு வரை ‘சிங்கிள் ரூம்’. அதற்கும் முன்னால் வெறும் ‘போர்ஷன்’. பெயர்தான் மாறியிருக்கிறது. பழைய வீட்டின் ரேழியையோ மாடியையோ தடுத்து, ஒரு மூலையில் சமையல் மேடையும் இன்னொரு மூலையில் குளியலறையும் வைத்த ஒரே அறை. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிச் சிங்கராச்சாரி தெரு, துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு, பெரிய தெரு என்று எதற்குள் நுழைந்தாலும் ஒரு டு-லெட் போர்டாவது கண்ணில் படும். அப்படி இரண்டு வீடுகளில் ஆறு வருடம் இருந்தேன். கீழே வரும் தவறுகளில் பாதி நான் செய்தவை.

பெரிய தவறு, ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குப் போய் வீடு பார்ப்பது. ரத்னா கஃபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, கடற்காற்று வீசும் தெருவில் நடந்து வருகிறவனுக்கு எந்த வீடும் நல்ல வீடுதான். தொட்டி நிரம்பியிருக்கும், குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டும், பக்கத்துக் குடித்தனக்காரர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். பழைய வீட்டில் அறையோடு சேர்த்து அந்த வீட்டின் நேரங்காலத்தையும் வாடகைக்கு எடுக்கிறோம். அது பதினோரு மணிக்குத் தெரியாது.

என் முதல் வீட்டில், “தண்ணி இருபத்து நாலு மணி நேரமும் வரும் தம்பி” என்றார் ஓனரம்மா. பொய் சொல்லவில்லை, வந்தது. ஆனால் அது போர் தண்ணீர். சோப்பு நுரைக்காது, பாத்திரத்தில் வெள்ளை வெள்ளையாகப் படியும். குடிக்கவும் சமைக்கவும் வாசல் அடிபம்பில் விடியற்காலை வரும் மெட்ரோ தண்ணீர்தான், அதாவது குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர். ஐந்து குடித்தனம், ஐந்து வீட்டுக் குடங்கள் வரிசையாக நிற்கும். எழுந்திருக்கத் தவறினால் அன்றைக்குக் கேன் வாங்க வேண்டும். மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டாரின் சுவிட்ச் ஒரு மரப்பெட்டிக்குள் பூட்டியிருக்கும். சாவி ஓனரம்மாவின் இடுப்பில். அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் எங்களுக்குக் குளியல் கிடையாது.

அதனால் “தண்ணி வருமா” என்று கேட்காதீர்கள். மெட்ரோ தண்ணீர் எத்தனை மணிக்கு, தரைக்கடித் தொட்டியான சம்புக்கா பம்புக்கா, மோட்டார் யார் போடுவது, சாவி யாரிடம் என்று கேளுங்கள். இன்னும் நல்லது, ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போய் வாசலில் குடத்தோடு நிற்பவரைக் கேட்பது. அவருக்குப் பொய் சொல்ல அவசியமே இல்லை.

அடுத்தது, சுவரின் பெயின்ட்டைப் பார்த்துவிட்டு மேலே பார்க்காமல் வருவது. இந்த வீடுகளில் பல ‘மெட்ராஸ் டெரஸ்’. மரச்சட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைச் சுண்ணாம்புச் சாந்தில் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டோடு என்ற தட்டையான ஓட்டைப் பதித்த கூரை. வெயிலுக்கு அருமை, மே மாதத்தில் கான்கிரீட் வீட்டுக்காரர்கள் பொறாமைப்படுவார்கள். ஆனால் தட்டோட்டின் இணைப்பில் ஒரு விரிசல் விட்டால் தண்ணீர் நேராகக் கீழே சொட்டாது. ஜல்லிக்குள் ஊறி, எங்கேயோ நடந்து, சட்டத்தின் நுனி சுவருக்குள் போகிற இடத்தில் தங்கும். அங்கேதான் மரம் உளுத்துப் போகும். ஆகவே சட்டமும் சுவரும் சேரும் இடத்தைப் போன் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுத்திருக்கிறதா, கீழே தரையில் மாவு மாதிரி தூள் இருக்கிறதா? ‘ஃபால்ஸ் சீலிங்’ போட்டு மறைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும்.

சுவருக்கும் இதே கதை. பழைய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், மெல்ல வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசி, பளபளக்கும் பெயின்ட் அடித்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிக்கி, உப்புப் பூத்து, பொருக்குப் பொருக்காக உதிரும். தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை மட்டும் புது பெயின்ட் அடித்திருக்கும் அறையைப் பார்த்தால் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் அது ஏசியின் குளிர்ச்சி இல்லை. முடிந்தால் ஐப்பசியில் வீடு தேடுங்கள், மழை எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

மின்சாரத்தில் ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அது இணைப்புக்குத்தான், குடித்தனத்துக்கு இல்லை. தனி மீட்டர் இல்லாமல், வீட்டின் ஒரே மீட்டருக்குக் கீழே ஓனர் வைத்த சப்மீட்டர் என்றால், எல்லோருடைய யூனிட்டும் ஒரே கணக்கில் கூடி, யூனிட் விலை ஏறும் மேல் ஸ்லாபுக்குப் போகும். யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஓனர் ஒரு ரேட் சொல்வார். அதை முதலிலேயே எழுதி வாங்குங்கள். ஏசி வைக்கும் எண்ணமிருந்தால் வயரிங்கும் எர்த்தும் சரியா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் போங்கள்.

பேச்சுலர், அசைவம், விருந்தாளி விஷயங்களை மென்று விழுங்காமல் கேட்டுவிடுங்கள். கசப்பான பதில் அட்வான்ஸுக்கு முன்னால் வருவது நல்லது. வைகுண்ட ஏகாதசிக்கு விடியும் முன்பே தெரு நிறைந்துவிடும், சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் பெல்ஸ் ரோடு பக்கம் வண்டி நிறுத்த முடியாது. இதெல்லாம் குறையில்லை, தெரிந்து வர வேண்டியவை.

அப்புறம் காகிதம். பழைய வீடுகளில் பல, அண்ணன் தம்பிகளுக்குள் பாகம் பிரிக்காதவை. சில கோயில் மனையில் நிற்பவை. வாடகை வாங்குகிறவருக்கு வாடகைக்கு விடும் உரிமை இருக்கிறதா என்று கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். சொத்துவரி ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். பெயர் வேறாக இருந்தால் உறவு என்ன, மற்றவர்களுக்குச் சம்மதமா என்று விசாரியுங்கள். “பதினோரு மாத அக்ரிமென்ட் போதும் சார்” என்பது ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற பழைய சட்டத்துக்குப் பயந்து வந்த பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. பத்து மாதம் கேட்கும் ஓனர் அந்த ‘வேறு மாதிரி’யில்தான் கையெழுத்து வாங்குவார், படித்துப் பார்த்துப் போடுங்கள்.

காலி செய்த பின் ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதி அட்வான்ஸைத் திருப்ப வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். நடைமுறையில் ‘பெயின்டிங்’ என்று ஒரு மாத வாடகையாவது போய்விடும். இரண்டாவது வீட்டில் நான் உஷார். சாவி வாங்கிய அன்றே, பெட்டி உள்ளே வரும் முன், நாலு சுவரையும் கூரையையும் வீடியோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். காலி செய்த அன்று, ஜன்னலுக்குக் கீழே இருந்த ஈரக்கறைக்கு எட்டாயிரம் பிடிப்பேன் என்றார். வீடியோவைத் திறந்து காட்டினேன். அதே கறை, மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, காபி சாப்பிடுறீங்களா” என்றார்.