பீடி சுத்துற வீட்டுப் பிள்ளைய காலேஜ் வரைக்கும் கொண்டு போறது எப்டி?

குடியாத்தம் பக்கம் எங்க தெருவுல பீடி சுத்தாத வீடு கம்மி. அம்மா இலை வெட்டி தூள் வெச்சு சுருட்டுவாங்க, நான் பக்கத்துல குந்திக்கினு முனைய மடக்கி நூல் கட்டுவேன், ஆயிரம் தேர்றதுக்குள்ள மணி பத்தாயிடும், அப்புறம் எங்க ஹோம்வொர்க், மறுநாள் கணக்கு பீரியட்ல தூங்கி வழிஞ்சா மக்குன்னு பேரு. அதனால படிப்பு ஏறலன்னு திட்றதுக்கு முன்ன பிள்ளை எத்தினி மணிக்கு படுக்குதுன்னு பாருங்க. ஏழு மணிக்கு மேல பீடி சுத்துற முறத்த அது கையில குடுக்காதீங்க, நூறு பீடி கொறஞ்சா கொறையட்டும்.

ஆறாவதுலயே நிறைய பேர் ஒரு தப்பு பண்றாங்க. வட்டிக்கு வாங்கி பிரைவேட் ஸ்கூல்ல போட்டு, ரெண்டு வருஷத்துல ஃபீஸ் கட்ட முடியாம திரும்பக் கூட்டிக்கினு வர்றது. ஆறுல இருந்து பன்னண்டு வரைக்கும் கவர்மெண்ட் ஸ்கூல்லயே படிச்சாதான் மெடிக்கல், இன்ஜினியரிங்ல 7.5% இடஒதுக்கீடு, அதுல சீட் கிடைச்சா ஃபீஸ அரசே கட்டுது. காலேஜ் போனா பொண்ணுக்கு புதுமைப் பெண் திட்டம், பையனுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டம்னு மாசம் 1000 ரூபா வேற. கடனும் வாங்கி இதையும் விட்டா இன்னாத்துக்கு?

எட்டாவதுல என்எம்எம்எஸ்னு மத்திய அரசு ஸ்காலர்ஷிப் பரீட்சை இருக்கு, அத எழுத வைங்க, பாஸ் பண்ணி செலக்ட் ஆனா ஒம்போதுல இருந்து பன்னண்டு வரைக்கும் வருஷம் 12,000. ஹெச்.எம். கிட்ட நீங்களே போய் கேளுங்க, யாராச்சும் கூப்பிடுவாங்கன்னு இருக்காதீங்க. அம்மாகிட்ட பீடித் தொழிலாளர் அட்டை இருந்தா ஒண்ணாவதுல இருந்தே மத்திய அரசு ஸ்காலர்ஷிப் இருக்கு, நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்ல போடணும், 1000-ல ஆரம்பிச்சு இன்ஜினியரிங், மெடிக்கல் மாதிரி படிப்புக்கு 25,000 வரைக்கும்.

பணம் மாட்டிக்கிறது பேப்பர்லதான். ஆதார்ல ஒரு இனிஷியல், ஸ்கூல் ரெக்கார்டுல ஒரு இனிஷியல், பேங்க்ல ஆதார் லிங்க் ஆகல, எனக்கே ஒரு வருஷப் பணம் இப்டிதான் போச்சு. வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்று எல்லாம் லீவுலயே இ-சேவையில போட்டு வெச்சிடுங்க.

பத்தாவது லீவு இருக்கே, அதான் கண்டம். எங்க அண்ணன் ரெண்டு மாசம்னுதான் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு போனான், கையில காசு பாத்தான், 19 வருஷமா அதே ஆறு மணி பஸ்தான். ரிசல்ட் வந்த அன்னிக்கே பதினொண்ணாவதோ ஐடிஐயோ பாலிடெக்னிக்கோ அட்மிஷன் போட்டுட்டு வந்துடுங்க. எதுல சேர்க்கறதுன்னு குழப்பமா இருந்தா பள்ளிக்கல்வித் துறை ஹெல்ப்லைன் 14417-க்கு போன் போடுங்க, காசு இல்ல.