கள்ளப் போதகரைக் கண்டுகொள்வதில் நாம் கோட்டை விடும் இடங்கள்

"அற்புதம் நடக்குதே, அப்புறம் எப்படி அவர் தப்பான ஊழியக்காரரா இருக்க முடியும்?" சபைகளில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. முதல் தவறும் இதுதான். சொன்ன அடையாளம் அப்படியே பலித்தாலும், சொன்னவன் உங்களை வேறு தேவர்களிடம் இழுத்தால் அவனுக்குச் செவிகொடுக்காதே என்கிறது உபாகமம் 13. மலைப்பிரசங்கத்தின் முடிவில் இயேசு இன்னும் கடுமையாகப் பேசுகிறார். தம்முடைய நாமத்தில் தீர்க்கதரிசனம் சொன்னவர்களையும், பிசாசுகளைத் துரத்தியவர்களையும் பார்த்துத்தான் "ஒருக்காலும் உங்களை அறியவில்லை" என்கிறார். அந்த அற்புதங்கள் நடக்கவில்லை என்று அவர் வாதாடவே இல்லை. அவற்றைச் சான்றாக ஏற்கவில்லை, அவ்வளவுதான்.

சில நேரம் அற்புதமே நாடகமாகவும் இருக்கும். அமெரிக்கச் சுகமளிக்கும் ஊழியர் பீட்டர் பாப்பாஃப், கூட்டத்தில் முன்பின் அறியாதவர்களின் பெயர், முகவரி, நோய் எல்லாவற்றையும் சொல்லி அழைப்பார். கர்த்தர் வெளிப்படுத்துகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். 1986-ல் மந்திரவித்தைக் கலைஞர் ஜேம்ஸ் ரேண்டியின் குழு ரேடியோ ஸ்கேனருடன் கூட்டத்துக்குப் போனது. 39.17 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டிருந்தது பாப்பாஃபின் மனைவி. வந்தவர்கள் நிரப்பிக் கொடுத்த ஜெப அட்டைகளிலிருந்த விவரங்களை அவர் சொல்லச் சொல்ல, பாப்பாஃபின் காதிலிருந்த சிறு கருவி அதைக் கேட்டது. அடுத்த ஆண்டே அவர் திவாலானார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சில வருடங்களில் "அற்புத நீரூற்று"த் தண்ணீரோடு டிவிக்குத் திரும்பி வந்தார். அம்பலப்பட்டவர் காணாமல் போய்விடுவார் என்று நினைப்பதும் ஒரு தவறுதான்.

சுகமானதைச் சரிபார்க்கக் கேட்டால் அவிசுவாசம் என்பார்கள். இயேசு குஷ்டரோகியைச் சுகமாக்கியதும் என்ன சொன்னார்? போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். நியாயப்பிரமாணப்படி குஷ்டத்தைப் பார்த்துச் சோதித்துச் சொல்ல வேண்டியவன் ஆசாரியன். ஆகவே இன்றைக்கு மருத்துவ ரிப்போர்ட் கேட்பதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை. இன்சுலினையோ டிபி மாத்திரையையோ நிறுத்தினால்தான் விசுவாசம் என்று ஒருவர் சொன்னால், அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாவது தவறு இதற்கு நேரெதிர். படித்த விசுவாசிகள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள்: உபதேசம் சுத்தமாக இருந்தால் ஆளும் சுத்தம் என்று முடிவு கட்டுவது. ரவி சக்கரியாஸ் 1946-ல் சென்னையில் பிறந்தவர். உலகமெங்கும் பல்கலைக்கழகங்களில் விசுவாசத்துக்காக வாதாடியவர். அவர் உபதேசத்தில் பிழை கண்டுபிடிப்பது கஷ்டம். 2017-ல் கனடா நாட்டுப் பெண் ஒருவர் புகார் சொன்னபோது அவருடைய ஊழிய நிறுவனம் ரவியின் பக்கமே நின்றது. 2020 மே மாதம் அவர் மரித்தார். அதன்பின் நிறுவனமே அமர்த்திய சட்ட நிறுவனம் விசாரித்து, 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில், மசாஜ் செய்த பல பெண்களிடம் அவர் பாலியல் ரீதியாக அத்துமீறியதை உறுதிசெய்தது. நிர்வாகக் குழு பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. உயிரோடு இருந்தவரை அவரை நிறுத்திக் கேள்வி கேட்கும் தைரியமோ அமைப்போ அங்கே இல்லாமல் போனதுதான் எனக்கு அந்த அறிக்கையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. "கனிகளினாலே அறிவீர்கள்" என்பது பிரசங்கத்தை மட்டும் குறித்ததல்ல. பவுல் தீத்துவுக்கு எழுதும்போது, கண்காணியின் (சபையை மேற்பார்க்கும் ஊழியரின்) தகுதிகளில் நடத்தையையே முதலில் அடுக்குகிறார். உபதேசத் திறமை கடைசியில்தான் வருகிறது.

அப்படிக் கேள்வி கேட்க எழும்புகிறவர்களை உட்கார வைக்க ஒரு வசனம் எப்போதும் தயாராக இருக்கும்: "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..." சங்கீதம் 105-ஐ முழுதாக வாசித்துப் பாருங்கள். ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு பரதேசிகளாய் அலைந்த காலத்தில், ராஜாக்கள் அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி தேவன் காத்ததைச் சொல்லும் வரி அது. பாஸ்டரிடம் காணிக்கைக் கணக்கு கேட்கிற தங்கச்சியைப் பற்றியது அல்ல. தாவீது அபிஷேகம்பண்ணப்பட்ட ராஜாவான சவுல்மேல் கைபோடவில்லை, உண்மை. ஆனால் ஒளிந்திருந்த கெபியிலிருந்து (குகையிலிருந்து) வெளியே வந்து, எல்லாரும் கேட்க அவனிடம் நியாயம் கேட்டான். அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகவே கண்டித்தார். பேதுரு அபிஷேகத்தைக் காட்டி மிரட்டியதாக எங்கும் எழுதப்படவில்லை. "குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள்" என்று வாயடைக்கிறவர்களுக்கும் ஒன்று: கள்ளத்தீர்க்கதரிசிகளுக்கு எச்சரிக்கையாயிருங்கள் என்பதும் அதே மத்தேயு 7-ஆம் அதிகாரம்தான்.

பணத்தில் நாம் பார்ப்பது கார், வீடு, கைக்கடிகாரம். கதர் ஜிப்பா போட்டவர் தப்பித்துவிடுவார். ஆதித்திருச்சபை இதைவிடக் கூர்மையாகப் பார்த்தது. திதாகே என்ற பழைய கிரேக்கக் கையேடு, ஊர் ஊராக வரும் ஊழியர்களை எப்படி நடத்த வேண்டும் என்று சபைகளுக்குச் சொல்கிறது. ஒருநாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்று நாள் தங்கினால் அவன் கள்ளத்தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த தங்குமிடம்வரை ரொட்டி மட்டும் வாங்கிக்கொள்ளலாம், பணம் கேட்டால் கள்ளன். ஆவிக்குள்ளாகி "எனக்குப் பணம் கொடு" என்றாலும் கேட்காதே; தேவையிலிருக்கும் பிறருக்காகக் கேட்டால் குறை சொல்லாதே. நாமும் அதே திசையில் கேட்கலாம். டிரஸ்டில் மனைவி, மகன், மருமகன் தவிர வேறு யாராவது உண்டா? கணக்கு தணிக்கையாகிச் சபைக்கு முன் வருகிறதா? "விதை காணிக்கை" போட்டால் நூறத்தனை என்று சொல்பவர், தன் வங்கிக் கணக்கிலிருந்து யாருக்காவது விதைத்திருக்கிறாரா?

கர்த்தரின் வருகைக்கும் உலக முடிவுக்கும் தேதி குறித்தவர்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹரால்ட் கேம்பிங் 1994 என்றார், பிறகு 2011 மே 21 என்றார், அதுவும் தவறியதும் அக்டோபர் 21 என்றார். சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்ன வார்த்தை அல்ல என்கிறது உபாகமம் 18; முதல் தேதி பொய்த்தபோதே அதைத் திறந்திருந்தால் போதும்.

இனி மறுபக்கம். கள்ளப் போதகரை வேட்டையாடக் கிளம்பி, நம் சபைக்கு வெளியே இருக்கும் எல்லாரையும் கள்ளர் ஆக்குவது. ஞானஸ்நான முறை, அந்நியபாஷை, நகை போடலாமா கூடாதா என்பதெல்லாம் சபைகளுக்கிடையே உள்ள வேறுபாடு. அதற்குக் "கள்ள உபதேசம்" என்று பட்டம் கட்டக் கூடாது. ஆதிச்சபைப் பிரசங்கி அப்பொல்லோவுக்கு யோவான் கொடுத்த ஸ்நானம் மட்டுமே தெரிந்திருந்தது. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாய் விவரித்தார்கள். இன்றாக இருந்தால் அவன் பிரசங்கத்தில் முப்பது விநாடியை வெட்டி வாட்ஸ்அப்பில் விட்டிருப்போம். குறைவாகத் தெரிந்தவனுக்கும் ஏமாற்றுகிறவனுக்கும் வித்தியாசம், திருத்தும்போது வெளியே வரும்.

மூப்பன் ஒருவன்மேல் சாட்டும் குற்றத்துக்கு இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு. சபைக்குள் விசாரிக்க அது நல்ல முறை. ஆனால் பணமோசடியும் பாலியல் வன்முறையும் சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியங்கள் அல்ல, அவை குற்றங்கள். பாலியல் வன்முறையால் பாதிக்கப்பட்டது குழந்தை என்றால், இந்தியாவில் போக்சோ சட்டப்படி (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) தெரிந்தவர் யாராயினும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும். ஜெபித்துவிட்டுச் சொல்கிறோம் என்று மூப்பர்கள் தள்ளிப்போட அதில் இடமில்லை. குழந்தைகள் உதவி எண் 1098.