பார், பிஎஸ்ஐ, கிலோ: காலை வாரும் கணக்குகள்

பார், பிஎஸ்ஐ, கிலோ, பாஸ்கல் எல்லாம் அழுத்தத்தை அளக்கிற யூனிட்கள். ஒரு பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ, அதாவது 100 கிலோபாஸ்கல். போனில் தட்டினாலே வந்துவிடும், அதற்கு நான் தேவையில்லை. பெருக்குவதற்குப் பதில் வகுப்பது, புள்ளியைத் தள்ளி வைப்பது மாதிரியான சில்லறைத் தவறுகளையும் விட்டுவிடுகிறேன், விடையைப் பார்த்தாலே அவை பல்லிளித்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலிபிரேஷன் வேலைக்கு, அதாவது கருவி சரியாகக் காட்டுகிறதா என்று சோதிக்கிற வேலைக்கு, வருஷா வருஷம் புதுப் பசங்க வருகிறார்கள், எங்கள் செட் ஆட்கள் அந்தக் காலத்தில் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுகிறார்கள். எல்லாமே பெருக்கல் சரியாக இருந்தும் விடை தப்பாகிற இடங்கள்.

கேஜா அப்சல்யூட்டா என்று கேட்காமல் மாற்றுவது

இன்றைக்கும் என்னைக் கடுப்பேற்றுவது இதுதான். சாதாரண கேஜ் (அழுத்தமானி) திறந்த காற்றில் பூஜ்யம் காட்டும். அப்சல்யூட் கருவிக்கு முழு வெற்றிடம்தான் பூஜ்யம், திறந்து வைத்தால் அது 1.013 பாருக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் இருப்பது நம் தலைக்கு மேலே இருக்கிற காற்று, வேறொன்றும் இல்லை. வெறும் பிஎஸ்ஐ என்று எழுதி, பின்னால் ஜி-யா ஏ-யா என்று போடாத தாளை நான் வாங்குவதே இல்லை.

எந்த அழுத்தத்தில் நீராவி எத்தனை டிகிரி என்று சொல்கிற ஸ்டீம் டேபிளில் இருப்பது பெரும்பாலும் அப்சல்யூட் அழுத்தம். பாய்லர் கேஜில் 7 பார் இருந்தால் டேபிளில் 7-க்கு நேராகப் பார்த்து 165 டிகிரி என்று எழுதுவார்கள், பார்க்க வேண்டியது 8-க்கு நேராக, 170 டிகிரி. அஞ்சு டிகிரிதானே சார் என்பான் ஒருவன். சரி, நீராவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவுக்கு வா. கேஜில் 15 பிஎஸ்ஐ என்றால் உள்ளே 121 டிகிரி, கிருமி சாகும். அதே 15-ஐ அப்சல்யூட் என்று எடுத்துக்கொண்டால் நூறு டிகிரியைக்கூட ஒழுங்காகத் தாண்டாது. வெறும் கொதிநீர்.

இதைவிட மோசம் வேக்குவம் பக்கம் நடக்கும். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் வேக்குவம் டிரையர். அதில் இருந்தது அப்சல்யூட் டிரான்ஸ்மிட்டர், அதாவது அழுத்தத்தை அளந்து மின் சிக்னலாக அனுப்புகிற கருவி. மெயின்டனன்ஸ் பையன் லைனைக் கழற்றித் திறந்த காற்றில் பார்த்தான், 1.01 பார் காட்டியது. ஜீரோ நகர்ந்துவிட்டது என்று முடிவு கட்டி ஜீரோ ட்ரிம் கொடுத்து, அதையே பூஜ்யமாக்கிவிட்டான். சில டிரான்ஸ்மிட்டர்கள் அவ்வளவு பெரிய திருத்தத்தை ஏற்காமல் எரர் காட்டும், இது சமர்த்தாக ஏற்றுக்கொண்டது. அப்புறம் என்ன, கதவு திறந்திருந்தாலும் பூஜ்யம், பம்ப் ஓடினாலும் கிட்டத்தட்ட பூஜ்யம், ஏனென்றால் பூஜ்யத்துக்கான சிக்னல் 4 மில்லிஆம்பியர், அதற்குக் கீழே சிக்னல் கொஞ்சம்தான் இறங்கும். உள்ளே 100 மில்லிபாருக்குக் கீழே போனால்தான் ஹீட்டிங் தொடங்க வேண்டும் என்று இன்டர்லாக் (தானியங்கித் தடை) வைத்திருந்தார்கள், அந்த இன்டர்லாக்குக்கோ எப்போதுமே அபாரமான வேக்குவம்! 100 மில்லிபாரில் தண்ணீர் 46 டிகிரியிலேயே கொதித்துப் போய்விடும், அதை நம்பித்தான் அந்த டிரையரே. அன்றைக்குக் கேஸ்கெட் கசிந்து வேக்குவமே பிடிக்கவில்லை, பவுடர் ஈரத்தோடு சூட்டில் கிடந்து நிறம் மாறி, முழு பேட்சும் குப்பைக்குப் போனது. டிரான்ஸ்மிட்டரின் தகட்டில் அப்சல்யூட் என்று பொறித்தே இருந்தது, அதைத் துடைத்துப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

பிஎஸ்ஐ எண்ணோடு 1.013-ஐக் கூட்டுவது

கேஜ் எண்ணை அப்சல்யூட் ஆக்கக் காற்றின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும்: பார் என்றால் 1.013, பிஎஸ்ஐ என்றால் 14.7. கூட்டுவதற்கு முன் இரண்டும் ஒரே யூனிட்டா என்று பாருங்கள்.

டிபி-க்கும் (அழுத்த வித்தியாசத்துக்கும்) காற்றைக் கூட்டுவது

மேலே சொன்னதை ரொம்ப நன்றாகக் கேட்டுக்கொண்ட பையன் செய்கிற தவறு இது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம் 0.5 பார் என்றால் அது 0.5 பார்தான். கழிக்கும்போதே காற்று அடிபட்டுப் போச்சு.

கிலோவும் பாரும் ஒன்று என்று நினைப்பது

ஒர்க்‌ஷாப்பில் “ஏழு கிலோ ஏத்து” என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ. ஒரு கிலோ 0.981 பார். டயருக்குக் காற்றடிக்க இந்த இரண்டு சதவீதம் பொருட்டே இல்லை, ஆனால் காலிபிரேஷன் பெஞ்சில் 10 பார் கொடுத்து, கிலோ ஸ்கேல் போட்ட கேஜ் 10.2 காட்டினால் அது ரொம்பச் சரியான கேஜ். அதை ஒரு சதவீதத் தவறு மட்டுமே அனுமதிக்கிற கிளாஸில் பெயில் என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பிவிட்டு, கஸ்டமர் போனில் கத்தும்போது விழிக்கிறார்கள்.

சதுரத்தை மறப்பது

ஒரு சதுர மீட்டரில் 10,000 சதுர சென்டிமீட்டர். 100 இல்லை.

பெரிய எம், சின்ன எம்

மெகாபாஸ்கலுக்கும் மில்லிபாஸ்கலுக்கும் 100 கோடி மடங்கு வித்தியாசம். கையெழுத்தை நம்பாதீர்கள்.

எந்த இன்ச்?

அழுத்தத்தை இன்ச்சில் சொன்னால் அது எதன் உயரம், பாதரசமா, தண்ணீரா? 13.6 மடங்கு வித்தியாசம்.

எல்லா ஊருக்கும் 1.013

சென்னை கடல் மட்டத்தில் இருப்பதால் இங்கே 1.013 என்று வைத்து ஓட்டிவிடலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே காற்றின் அழுத்தமே சுமார் 0.77 பார். அங்கிருந்து யாராவது கேஜில் மைனஸ் 0.9 பார் வேக்குவம் இழுத்தோம் என்று ரிப்போர்ட் அனுப்பினால், முதலில் கேஜைத்தான் மாற்ற வேண்டும், இருக்கிற காற்றே 0.77 பார் என்றால் அதற்கு மேல் இழுக்க எதுவும் இல்லை.