உலாவியில் விஎன்சி திரை: நடுவே ஒரு வெப்சாக்கெட் ப்ராக்ஸி

உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டால் ஒரு டிசிபி போர்ட்டை நேராகத் தொட முடியாது. வேறொரு கணினியின் திரையைத் தொலைவிலிருந்து பார்த்து இயக்க உதவும் விஎன்சி சர்வர்களில் பலவற்றுக்கு, உலாவி பேசும் தொடர் இணைப்பு முறையான வெப்சாக்கெட் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒரு பக்கம் வெப்சாக்கெட் உறையைப் பிரித்து மறுபக்கம் வெறும் பைட்டுகளாகத் தள்ளிவிடும் சின்ன நிரல்தான் வெப்சாக்கிஃபை. டெபியனிலும் உபுண்டுவிலும் அதையும், உலாவிப் பக்கத்துக்கான நோவிஎன்சியையும் ஏபிடி வழியாகவே நிறுவலாம்.

ப்ராக்ஸியைத் தொடும் முன் விஎன்சி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். போர்ட் எண் 5900-உடன் டிஸ்ப்ளே எண்ணைக் கூட்டினால் வருவது. டிஸ்ப்ளே எண் 1 என்றால் 5901. நெட்கேட் கொண்டு அந்தப் போர்ட்டைத் தட்டினால் 'ஆர்எஃப்பி 003.008' என்பது போல ஒரு வரி வரவேண்டும். வராவிட்டால் கோளாறு அங்கேதான், ப்ராக்ஸியில் தேடிப் பயனில்லை.

வெப்சாக்கிஃபை கட்டளையில் வெப் என்ற ஆப்ஷனுக்கு நோவிஎன்சி கோப்புறையைக் கொடுங்கள். பிறகு கேட்கும் முகவரி 127.0.0.1:6080 (127.0.0.1 என்றால் இதே கணினி), அடுத்து போய்ச் சேரும் முகவரி 127.0.0.1:5901. வரிசை மாறினால் 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில்' என்று திட்டும். வெறும் 6080 என்று போட்டால் எல்லா நெட்வொர்க் கார்டுகளிலும் கேட்கத் தொடங்கிவிடும். பழைய விஎன்சி பாஸ்வேர்டில் முதல் 8 எழுத்துதான் கணக்கு. அதை நம்பி இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். ஒரே ஆள்தான் பயன்படுத்துவார் என்றால் எஸ்எஸ்எச் டனல் (குறியாக்கம் செய்த தனி வழி) போதும்.

பலர் வருவார்கள் என்றால் முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து டிஎல்எஸ் குறியாக்கத்தை அதனிடம் விடுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். வெப்சாக்கெட் தொடங்கும்போது உலாவி அனுப்பும் 'அப்கிரேட்', 'கனெக்‌ஷன்' ஹெடர்கள் உலாவியிலிருந்து அடுத்த சர்வர் வரையிலான அந்த ஒரு கட்டத்துக்கு மட்டுமே உரியவை. என்ஜின்எக்ஸ் தானாக அவற்றைப் பின்னால் கடத்தாது. இரண்டையும் கான்ஃபிக்கில் கையால் எழுதி, எச்டிடிபி பதிப்பு 1.1 என்றும் குறிப்பிட வேண்டும்.

சரியா என்று பார்க்க, உலாவியின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பக்கத்தைத் திறங்கள். பதிலின் ஸ்டேட்டஸ் எண்ணாக 101 வந்தால் வெப்சாக்கெட் கைகுலுக்கல் முடிந்தது. 404 அல்லது 405 என்றால் ஹெடர் வழியில் தொலைந்து, வெப்சாக்கிஃபை அதைச் சாதாரணப் பக்கக் கோரிக்கையாக நினைத்திருக்கும். 502 என்றால் பெரும்பாலும் வெப்சாக்கிஃபையே ஓடவில்லை. 101 வந்த கையோடு அறுந்தால் 5901-இல் யாரும் இல்லை.

இன்னொரு தொல்லை: யாரும் மவுசைத் தொடாமல் திரை அசையாமல் இருந்தால், சரியாக 60 நொடியில் இணைப்பு போகும். என்ஜின்எக்ஸின் ரீட் டைம்அவுட் இயல்பாக அவ்வளவுதான். அதை 3600 ஆக்கலாம். அதைவிட, வெப்சாக்கிஃபையின் ஹார்ட்பீட் ஆப்ஷனில் 30 என்று போடுவது நல்லது: அரை நிமிடத்துக்கு ஒரு பிங் போகும், வழியில் உள்ள மற்ற ஃபயர்வால்களும் இணைப்பைச் செத்ததாக நினைக்காது.